வெற்றுத் தாளுக்கு முட்டை போடும் முன்

ஐயா,

நீ திங்கட்கிழமை காலை பஸ் ஏறிப் போன பிறகு சாப்பாட்டு மேசையின் துணியை எடுத்து உதறினேன். அடியிலிருந்து ஒரு தாள் விழுந்தது. சனிக்கிழமை முழுக்க நீ உட்கார்ந்து திருத்திய கட்டிலிருந்து நழுவியிருக்க வேண்டும். மேலே பென்சிலில் ஒரு பெண்பிள்ளையின் பெயர். அதற்குக் கீழே ஒரு படம். சட்டையும் கால்சட்டையும் போட்ட பூனை ஒன்று குடை பிடித்துக்கொண்டு கடைக்குப் போகிறது. படத்தைப் பார்த்து ஐந்து வாக்கியம் எழுதச் சொல்லியிருக்கிறாய். ஐந்து கோடும் காலியாக இருக்கின்றன. நீ இன்னும் மார்க் போடவில்லை. நான் துணியைக் கையில் பிடித்தபடியே வெகுநேரம் நின்றுவிட்டேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்த வாசனை வந்த பிறகுதான் நகர்ந்தேன்.

சனிக்கிழமை சாப்பிடும்போது நீ சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "ஆறு பிள்ளைங்கம்மா. ஒரு வரி எழுதல. ஒண்ணும் ஏறல அதுங்களுக்கு. மாசக் கடைசில லிஸ்டு குடுக்கணும், ஆறையும் முடியாதுன்னு எழுதித் தள்ள வேண்டியதுதான்" என்றாய். தள்ளினால் என்ன ஆகும் என்று கேட்டேன். "என்னா ஆகும்? அடுத்த வருஷம் கோலா கங்சாருக்குப் படிக்கப் போற கும்பல்ல இருக்காதுங்க. காட்டுக்குள்ள அதுங்க ஊரு, கம்பத்துக்கே திரும்பிடுங்க" என்றாய். நீ கெட்ட மனதோடு சொல்லவில்லை. களைத்துப்போயிருந்தாய். மலையேறி, ஆறு தாண்டி அந்தப் பூர்வகுடிப் பிள்ளைகளின் பள்ளிக்குப் போய் வருகிறவன் நீ. நான் உன் தட்டில் இன்னும் ஒரு கரண்டி ரசம் ஊற்றிவிட்டு எழுந்து போனேன். எனக்குச் சொல்ல ஒன்று இருந்தும் சொல்லவில்லை. பதினைந்து வயதில் இதே மாதிரி ஒருமுறை வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. நேரில் சொல்ல எனக்கு வராது என்று உனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். பெரிய எழுத்தாக இருக்கும், பிழை இருக்கும், பொறுத்துக்கொண்டு படி.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவள் என்றுதான் உனக்குத் தெரியும். உண்மையில் அதற்குப் பிறகு, இடைநிலைப் பள்ளிக்கு முன்னால் மலாய் பழக்குகிற புகுமுக வகுப்புக்கு மூன்று மாதம் போனேன். ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியிலிருந்து டவுன் பள்ளி. எல்லாம் மலாயில். ஒருநாள் ஆசிரியர் என்னை எழுப்பி, கடைக்குப் போய் சாப்பாடு சொல்வது எப்படி என்று பேசிக் காட்டச் சொன்னார். நான் அதுவரை ஒரு கடையில் உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை ஐயா. நின்றேன், நின்றுகொண்டே இருந்தேன். வகுப்பு சிரித்தது. ஆசிரியர் புத்தகத்தில் ஏதோ குறித்துக்கொண்டார். அந்த வாரத்தோடு நான் போகவில்லை. விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஆட்கள் நிற்கும்போது, பால்மரத்துப் பட்டையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து இன்றைக்கு வெட்டு உண்டா இல்லையா என்று எனக்குச் சொல்லத் தெரியும். பட்டையின் ஈரம் எந்த அளவு இருந்தால் பால் வெட்டுக் கோட்டை விட்டு வழியும், எந்த அளவு இருந்தால் வெயில் ஏறியதும் காய்ந்துவிடும் என்று பத்து வயதில் தெரியும். கங்காணியே சில நாள் என்னைப் பார்த்து, "என்னா பாப்பா, இன்னிக்கு எப்டி?" என்று கேட்பார். அதை அந்தப் பள்ளியில் யாரும் கேட்கவில்லை. கேட்காதது தவறு என்றும் எனக்கு அப்போது தோன்றவில்லை. எனக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

அதற்குள் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்டார்கள். அம்மாவும் அப்போது உயிரோடு இல்லை. அப்பாவுக்குக் காம்பார் பட்டணத்துக்குக் கிழக்கே மலையடிவாரத்தில் ஒரு பள்ளியில் புல் வெட்டி வேலி கட்டும் வேலை கிடைத்தது. மலைக்குள்ளிருந்து வரும் செமாய் பூர்வகுடிப் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற பள்ளி. எனக்கு விடுதிச் சமையலறையில் எடுபிடி வேலை. பாத்திரம் கழுவ, சூரி என்ற பிள்ளையின் அம்மா மலையிலிருந்து வந்து அங்கேயே தங்கியிருந்தார். சூரிக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். பாடம் முடிந்ததும் என் பக்கத்தில் குந்தி மரவள்ளிக் கிழங்கு உரிப்பாள். இருவரும் மலாயில்தான் பேசிக்கொள்வோம். எனக்கும் அவளுக்கும் அது சொந்த மொழி இல்லை என்பதால் எனக்கு அவளிடம் மட்டும் வெட்கம் வராது.

அப்பா அங்கேயும் ஒரு மாடு வாங்கிக் கட்டினார். லெட்சுமி என்று பெயர். முதல் வருடம் மாட்டுப் பொங்கலுக்குக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, மாலை போட்டார். அதோடு விட்டிருக்கலாம். தன் புதுத் துண்டை எடுத்து இரண்டு கொம்பையும் சுற்றித் தலைப்பாகை கட்டிவிட்டார். ஒரு பெரிய குண்டானில் பொங்கல் வைத்து, விடுதிப் பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டார். பிள்ளைகள் வரிசையாக வந்து நின்றார்கள். நான் லெட்சுமியைப் பார்த்தேன். அசல் மாப்பிள்ளை. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. சூரி ஓடி வந்து கிழங்கு மாவு ஒட்டிய கையால் என் வாயைப் பொத்தினாள். அடுத்த நிமிடம் எல்லாப் பிள்ளைகளும் விடுதிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

அப்பாவுக்கு முகம் விழுந்துவிட்டது. "என்னாம்மா இது, சோறு வேணாம்னு ஓடுதுங்க! நம்ம கை பட்டா ஆகாதோ?" என்று குண்டானைப் பார்த்துக்கொண்டே நின்றார். சூரியின் அம்மாதான் கையைத் துடைத்துக்கொண்டு வந்து சொன்னார். மிருகத்துக்கு மனுஷன் மாதிரி உடை போட்டு அதைப் பார்த்துச் சிரிக்கக்கூடாது, சிரித்தால் இடி இறங்கும், எல்லாருக்கும் கேடு என்று. பிறகு அப்பாவைப் பார்த்து, "நீ இதுக்குத் துணி கட்டினது சிரிக்கவா?" என்று கேட்டார். அப்பா பதறிப்போனார். "சிரிக்கவா! கும்புடுறேன்மா! வருஷம் பூரா பால் குடுக்குது, ஒரு நாளாச்சும் மரியாத செய்ய வேணாமா?" என்று பாதி மலாயிலும் பாதி தமிழிலும் சொல்லி, லெட்சுமியின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றியும் காட்டினார். அந்த அம்மா அதைப் பார்த்துவிட்டுச் சற்று யோசித்தார். "அப்போ உன் மேல தப்பு இல்ல. சிரிச்சது இவதான்" என்று என்னைக் காட்டினார். அப்பா துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்ட பிறகு பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து பொங்கல் வாங்கிச் சாப்பிட்டார்கள். சாயங்காலம் இடி இடித்தது. அந்தப் பக்கம் சாயங்காலம் இடி இடிக்காத நாள் குறைவு. இருந்தாலும் நான் சமையலறை மூலையில் சுருண்டு உட்கார்ந்திருந்தேன்.

இதைத் தெரிந்து வைத்துக்கொண்டுதான், அந்த வருடக் கடைசியில் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

ஈப்போவிலிருந்து ஸ்டெல்லா டீச்சர் என்று ஒருவர் வந்து பாடம் நடத்தினார். கிறிஸ்தவர், நம் தமிழர். வாரம் முழுக்க அங்கே தங்கி, வெள்ளிக்கிழமை பஸ்ஸில் போவார். கண்டிப்பானவர், ஆனால் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தானே பக்கத்தில் உட்காருவார். எனக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்று கண்டுபிடித்து, பரீட்சைத் தாள் திருத்தக் கூப்பிட்டார். ஓட்டை போட்ட அட்டை ஒன்றைக் கொடுத்தார். அதைத் தாளின் மேல் வைத்தால், ஓட்டைக்குள் பிள்ளை போட்ட கோடு தெரிந்தால் சரி, தெரியாவிட்டால் தவறு. கடைசிப் பக்கத்தில் படம் பார்த்து எழுதும் கேள்வி. "எழுதாத தாளுக்கு முட்டை போட்டுடு, நான் பாக்க வேண்டியதில்ல" என்றார். நான் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். தொப்பியும் சட்டையும் போட்ட குரங்கு சைக்கிள் ஓட்டுகிறது. சுற்றி நின்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள். பதினோரு தாளில் அந்தப் பக்கம் வெள்ளையாக இருந்தது.

எனக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது ஐயா. புரியாமல் செய்தேன் என்றால் நான் உனக்கு இந்தக் கடிதத்தை எழுத வேண்டியதில்லை. யாரிடமாவது போய் வாயைத் திறந்து பேச எனக்கு அப்போதும் துணிவில்லை. டீச்சருக்கு நான் யார் சொல்ல? சிவப்புப் பென்சிலை எடுத்து ஒன்று, இரண்டு என்று போட்டுக்கொண்டே போனேன். ஒன்பதாவது தாள் சூரியுடையது. நிமிர்ந்தால் அவள் ஜன்னலுக்கு வெளியே நிற்கிறாள். "அது என்ன?" என்றாள். "முட்டை" என்றேன். "என்னுடையதா?" என்றாள். நான் தலையை ஆட்டினேன். அவள் கோபப்படவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்த கையை எடுத்துக்கொண்டு போனாள், அவ்வளவுதான். அன்று கிழங்கு உரிக்க வரவில்லை. மறுநாள் அவள் அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னார், காம்பார் பள்ளிக்கு அனுப்பும் பட்டியலில் பெயர் வராவிட்டால் சூரியை விடுமுறைக்குக் கூட்டிப் போய் அப்படியே நிறுத்திக்கொள்வதாக. "தலையில ஏறலன்னா எதுக்கு அடேக், இவ்வளவு தூரம்?" என்று தங்கச்சியிடம் கேட்பதுபோல என்னையே கேட்டார்.

இரண்டு நாள் நான் சோற்றைக் குழைய விட்டேன், உப்பு மறந்தேன். மூன்றாம் நாள் டீச்சருக்கு டீ கொண்டுபோனவள் திரும்பி வராமல் அங்கேயே நின்றேன்.

"என்னாடி, டீயக் குடுத்துட்டு நிக்கிற? சீனி போட மறந்துட்டியா?"

"இல்ல டீச்சர்."

"பின்ன என்னா லா, பேயறைஞ்ச மாதிரி?"

நான் டீ கோப்பையைப் பார்த்துக்கொண்டு ஒரே மூச்சில் சொன்னேன். "அதுங்களுக்கு மலாய் தெரியும் டீச்சர். கொரங்குக்குச் சட்ட போட்டதாலதான் எழுதல. மிருகத்தப் பாத்துச் சிரிச்சா இடி எறங்கும். எழுதுனாலும் சிரிச்ச மாதிரிதான்."

"ஒனக்கு யாரு சொன்னா?"

"சூரியோட அம்மா. எங்க மாட்டுக்குத் தலப்பா கட்டுனப்ப."

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். பிறகு முகம் மாறியது. "அப்ப ஏன் ஒரு பிள்ளகூட எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கலியே டீச்சர்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கு உறைத்தது. டீச்சர் கோப்பையைக் கீழே வைத்தார். "நல்லா இருக்குடி. பதினஞ்சு வருஷமா பாடம் நடத்துறேன். ஆறாப்பு படிச்ச நீ எனக்குப் பாடம் எடு, நான் போயி சோறு வடிக்கிறேன்." நான் ஓடி வந்துவிட்டேன். அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. வேலை போய்விட்டது என்றே முடிவு செய்து என் இரண்டு பாவாடையையும் துவைத்து மடித்து வைத்தேன்.

காலையில் டீச்சரே சமையலறை வாசலுக்கு வந்தார். "கஞ்சிய எறக்கி வச்சிட்டு வா. ஆத்துக்குப் போறோம்." ஆற்றங்கரையில் பிள்ளைகளை நிறுத்தி, "ஆத்தப் பாருங்க. என்ன தெரியுது, எப்படித் தெரியுது, ஒவ்வொருத்தரா மலாயில சொல்லுங்க. ஒருத்தர் சொன்னத ஒருத்தர் சொல்லக் கூடாது" என்றார். ஒருவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அந்தப் பிள்ளை மற்றவர்களைப் பார்த்தது. கொஞ்ச நேரத்தில் டீச்சர் களைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கல்லில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்க்க ஆரம்பித்தார். அவர் உட்கார்ந்த பிறகுதான் பேச்சு வந்தது. ஒரு பிள்ளை, ஓரத்து நுரை நேற்றைவிடப் பழுப்பு என்றது. இன்னொன்று, மிதந்து வருகிற இலை பச்சையாகக் கிழிந்திருக்கிறது, மேலே காற்று அடித்திருக்கிறது என்றது. இன்னொன்று கரையில் முட்டை சுமந்து மேலேறும் எறும்பைக் காட்டியது. ஒருவர் விட்ட இடத்திலிருந்து அடுத்தவர் தொடர்ந்தார். சொன்னதையே யாரும் சொல்லவில்லை. டீச்சர் பெயரும் சொன்னதுமாக நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார். கடைசியாகச் சூரி, எல்லாவற்றையும் சேர்த்து, பொழுது சாய்வதற்குள் தண்ணீர் ஏறும், கல்லில் காயும் துணிகளை எடுத்துவிடுங்கள் என்றாள்.

நாங்கள் விடுதித் துணி அத்தனையையும் ஈரத்தோடு மூட்டை கட்டித் தூக்கி வந்தோம். தண்ணீர் ஏறவில்லை. ஒரு விரல்கூட ஏறவில்லை. அப்பா சூரியைக் கேலி செய்தார். "எங்கம்மா வெள்ளம்? ஈரத் துணியத் தூக்கி இடுப்பு ஒடிஞ்சதுதான் மிச்சம்!" எனக்கு அழுகையே வந்தது. நான் வாயைத் திறந்து, கடைசியில் இப்படி ஆகிவிட்டதே என்று. மறுநாள் காலை, மணி அடிப்பதற்கு முன்பே சூரி டீச்சர் அறை வாசலில் போய் நின்றாள். நான் விறகு எடுப்பதுபோல் பக்கத்தில் நின்று கேட்டேன். "நான் சொன்னது தப்பு. விடிந்ததும் மேலே போய்ப் பார்த்தேன். மழை மலைக்கு அந்தப் பக்கம் பெய்து வேறு ஆற்றில் இறங்கியிருக்கிறது. நான் மேகத்தின் நிறத்தைப் பார்த்தேன், அது போகும் திசையைப் பார்க்கவில்லை" என்றாள். யாரும் அவளை வரச் சொல்லவில்லை ஐயா.

டீச்சர் என்னைக் கூப்பிட்டார். "கேட்டியா? நான் தப்புன்னு சிவப்புல போட்டா பிள்ளைங்க தாள மடிச்சுப் பையில வச்சிடும். அவ்ளோதான். தன் தப்ப தானே தேடிக் கண்டுபிடிச்சு வந்து சொன்ன பிள்ளைய நான் பாத்ததில்ல" என்றார். அன்று என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து அந்தப் பதினோரு முட்டையையும் அழிக்கச் சொன்னார். சிவப்புப் பென்சில் முழுதாக அழியாது, தெரியுமா? எவ்வளவு தேய்த்தாலும் ஒரு ரோஸ் கறை நின்றுவிட்டது. பட்டியல் பாரத்தில் மார்க் எழுத மட்டும்தான் கட்டம் இருந்தது. டீச்சர் மார்க்கை எழுதிவிட்டு, பாரத்தைத் திருப்பிப் பின்பக்கத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு வரி எழுதினார். என்ன பார்த்தது, எப்படி அறிந்தது என்று. முன்பக்கம் மூலையில் "பின்பக்கம் பார்க்கவும்" என்று கோடிட்டு எழுதினார். அதற்காக அலுவலகத்திலிருந்து அவருக்கு ஒரு கண்டிப்புக் கடிதம் வந்தது. ஆனாலும் நான்கு பிள்ளைகளுக்கு இடம் கிடைத்தது. சூரி அதில் ஒருத்தி. காம்பாரில் மூன்று வருடம் படித்துவிட்டுத் தன் ஊருக்கே திரும்பினாள் என்று கேள்விப்பட்டேன். எனக்கு அதில் வருத்தம் இல்லை. அவளாகத் திரும்பினாள். யாரும் தள்ளவில்லை. மற்ற ஏழு பேரை நான் மறக்கவில்லை. நான் இரண்டு நாள் முன்னால் பேசியிருந்தால் டீச்சருக்கு ஆற்றங்கரைக்கு இன்னும் இரண்டு தடவை போக நேரம் இருந்திருக்கும்.

டீச்சர் என்னையும் திரும்பப் படிக்கச் சொன்னார். பாரம்கூட வாங்கி வந்தார். நான் வெட்கப்பட்டுக்கொண்டு நிரப்பவில்லை. பிறகு கல்யாணம், ஈப்போ, நீ. அதோடு நான் திருந்திவிட்டேன் என்று நினைத்துவிடாதே. நீ மூன்றாம் வகுப்பில் கணக்கில் முப்பத்தெட்டு வாங்கி வந்தபோது, இந்த மேசைக்குப் பக்கத்தில் வைத்துத்தான் உன் முதுகில் அறைந்தேன். அதே வயதில் நீ வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டே தெருமுனையில் திரும்பும் லாரியின் சத்தத்தை வைத்து, "அப்பா வராரு, இன்னிக்குக் காலி லாரி" என்று சொல்வாய். பாரம் ஏற்றிய லாரியா, காலியா, கியர் மாற்றத் திணறுகிறதா, எல்லாம் சொல்வாய். உன் அப்பா தன் கூட்டாளிகளிடம் பெருமையாகச் சொல்லிச் சிரிப்பார். ஒருநாளும் நான் அதைப் படிப்போடு சேர்த்து எண்ணவில்லை. சூரியைத் தெரிந்த நானே எண்ணவில்லை. ஓட்டை போட்ட அந்த அட்டையை யார் கையில் கொடுத்தாலும், ஓட்டைக்குள் தெரிவதைத்தான் பார்க்கிறோம்.

உன் வேலையை எனக்குச் சொல்லித்தரத் தெரியாது. பரீட்சை வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தப் பிள்ளைகள் எண்ணும் எழுத்தும் படித்துத்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் கண்டவனும் ஏமாற்றுவான். உன் பிள்ளைகள் சூரியின் ஆட்கள் இல்லை, வேறு ஆற்றின் மக்கள் என்பதும் எனக்குத் தெரியும். அவர்கள் பூனைப் படத்துக்கு எழுதாமல் விட்டது இதே காரணத்துக்காகவா, இல்லை நிஜமாகவே எழுத வரவில்லையா என்று நான் இங்கே ஈப்போவில் உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியாது. நான் சொல்லி நீ அப்படியே நம்பினால் அதுவும் ஒரு அட்டைதான். மாசக் கடைசிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. ஆறு பிள்ளைகள். நீ ஒரு கல்லில் உட்காரலாம், செருப்பைக் கழற்றிவிட்டு.

அந்தத் தாளை இந்த உறைக்குள்ளேயே வைத்திருக்கிறேன். நான் அதில் எதுவும் எழுதவில்லை. நீ திருத்தும்போது பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்திருக்க மாட்டாய் என்று நினைக்கிறேன். நான் திருப்பினேன். பென்சிலால் மெலிதாக, அழுத்தினால் யாராவது பார்த்துவிடுவார்களோ என்பதுபோல, ஒரு ஆறு வரைந்திருக்கிறாள். வளைவுகளில் சின்னச் சின்னக் கோடுகள், ஒரு வளைவில் மூன்று, ஒன்றில் ஐந்து, ஒன்றில் ஒன்றுமே இல்லை. மீனா, கல்லா, ஆட்களா, ஆழமா, எதை எண்ணியிருக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. மூன்று நாளாகப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.

நீ அவளிடம் கேள் ஐயா. கேட்டுவிட்டு எனக்கும் எழுது.

அம்மா